நம்மாள் என்று ஒரு சத்தியம்

மாவு ஆலைக் குட்டையில் மிதந்த பிணத்தைப் பார்த்து எல்டர்ஹோம் ஊரில் ஒருவரும் அழவில்லை. பயந்தார்கள். செத்தது யாரென்று தெரியவில்லை, அடித்தது யாரென்றும் தெரியவில்லை. பின்மண்டை உடைந்திருந்தது மட்டும் நன்றாகத் தெரிந்தது. வெள்ளம் வடியும்வரை தண்ணீரில் ஊறிக் கிடந்ததில் முகம் முகமாக இல்லை. உடம்பில் ஒரு பொட்டுத் துணி இல்லை. இப்படி ஒரு பிணம் கிடைத்து, கொன்றவன் அகப்படவும் இல்லையென்றால், செத்தவன், கடல் தாண்டி வந்து நாட்டைப் பிடித்த நார்மன்காரர்களில் ஒருவன்தான் என்பது ராஜாவின் சட்டம். நார்மன்காரன் செத்தால் சுற்றுவட்டார ஊர்கள் மொத்தமும் தண்டம் கட்டித் தொலைய வேண்டும். அதிலிருந்து தப்ப ஒரே வழிதான். "இவன் எங்கள் ரத்தம், ஆங்கிலேயன்" என்று செத்தவனின் சொந்தத்தில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தேவாலயத்தில் இருக்கும் புனிதரின் எலும்பைத் தொட்டுச் சத்தியம் செய்ய வேண்டும். செய்துவிட்டால் ராஜாவுக்கு அந்தப் பிணத்தைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. ஆங்கிலேயன் உயிருக்கு அவ்வளவுதான் மரியாதை.

ஹில்டித் அப்போது பட்டாணி விதைத்துக்கொண்டிருந்தாள். புருஷனை இழந்தவள், பிள்ளை இல்லாதவள், உழுகிற நிலம் தம்பியுடையது. வரப்போரமாக வுல்மர் வருவதைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, நல்லதுக்கு வரவில்லை என்று. வுல்மர் ஊர் மணியக்காரன். அவளுக்குப் பெரியப்பா மகன். பிரபுவின் வேலைக்கு ஆள் கூப்பிட வரும்போது மணியக்காரனாக வருவான். ஏதாவது உதவி வேண்டுமென்றால்தான் அண்ணனாக வருவான்.

"தங்கச்சி, கொஞ்சம் இப்படி வாயேன்."

"விதையைப் பாதியில போட்டுட்டா? காக்கா எல்லாம் உன் வீட்டுக் காக்காவா?"

அவன் சிரிக்கவில்லை. "ஓர்ட்கார் கிட்டேயிருந்து ஏதாவது சேதி வந்துதா?"

"கடலுக்கு அந்தப் பக்கம் போனவன் எப்படிச் சேதி அனுப்புவான்? தெரிஞ்சுகிட்டே கேக்கறியே."

ஓர்ட்கார் அவளுடைய தம்பி. நார்மன் பிரபு தன் சண்டைக்கு ஆள் எடுத்தபோது முறைப்படி போயிருக்க வேண்டியவன் ஹில்டித்தின் புருஷன் செயோல்ஃப். அவனுக்கு இருமல். "மச்சான் கப்பல்ல ஏறினா கரை சேர மாட்டாரு, நான் போறேன்" என்று சாட்டையை எடுத்துக்கொண்டு வண்டிக்காரனாகக் கிளம்பிவிட்டான் ஓர்ட்கார். அவனை ஒரு வார்த்தை தடுக்கவில்லை ஹில்டித். புருஷன் தப்பித்தானே என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோனாள், அதுதான் உண்மை. அந்தப் பனிக்காலத்திலேயே செயோல்ஃப் இருமி இருமிப் போய்ச் சேர்ந்தான். அதன்பிறகு தம்பியின் நிலத்தையும் அவன் எருதையும் பத்திரமாக வைத்திருப்பதுதான் அவளுக்கு வேலை. வந்தால் ஒப்படைக்க வேண்டுமே.

"குட்டையில கெடக்கறவன் ஓர்ட்கார்தான்னு நீ சொல்லணும்" என்றான் வுல்மர். "ஆம்பளை சாட்சிக்கு நான் இருக்கேன். பொம்பளை சாட்சிக்கு நீ."

"உசிரோட இருக்கறவனைக் கொல்லச் சொல்றியா அண்ணே?"

"உசிரோட இருக்கான்னு யார் கண்டா? பக்கத்து ஊருங்கள்லேருந்து அவன்கூடப் போனவங்க பாதிப் பேரு திரும்பி வந்துட்டாங்க. வந்த எவனாவது அவனைப் பார்த்தேன்னானா?"

அவள் விதைப் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "வேற யாரையாவது கேளு."

"வேற யாருக்கு ஊரைவிட்டுப் போன ஆள் இருக்கு? உனக்கு மட்டும்தான்."

அதற்குள் பக்கத்து வயலில் இருந்த கோட்ஹில்ட் வந்து சேர்ந்தாள். ஊரிலேயே நீளமான நாக்கு அவளுக்கு. ஆனால் செயோல்ஃப் படுக்கையில் கிடந்தபோது தன் வீட்டுக் கஞ்சியில் பாதியைத் தினம் கொண்டுவந்து ஊற்றியவளும் அவள்தான்.

"ஏண்டி, ரொம்ப யோசிக்கிறே? தண்டம்னு வந்தா என் வீட்டுல எதை எடுப்பாங்க? அந்த ஒத்தை ஆட்டைத்தான். ஆடு போனா பச்சைப் புள்ளைக்குப் பாலுக்கு எங்க போவேன், உன் கிட்ட வரவா?" என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "சொன்னா செத்துடுவானா? வாய்வார்த்தைதானே" என்றாள்.

ஹில்டித் போய்ப் பிணத்தைப் பார்த்தாள். பின்மண்டையில் காயத்தைச் சுற்றி முடி ஒட்டச் சிரைத்திருந்தது. ஆங்கிலேய ஆண்கள் தோள்வரை முடி வைத்திருப்பார்கள்; கழுத்துக்கு மேலே அப்படிச் சிரைத்துக்கொள்கிறவர்கள் யாரென்று குழந்தைக்குக்கூடத் தெரியும். அவள் நிமிர்ந்து வுல்மரைப் பார்த்தாள். அவன் குனிந்து, பிணத்தின் தலையை ஒரு துணியால் சுற்றி நெற்றிவரை கட்டினான், அடிபட்டவனுக்குக் கட்டுப்போடுவது மாதிரி.

அப்போதாவது அவள் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஊருக்குப் பயந்து என்று பிற்பாடு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அது பாதிதான். மீதிப் பாதியை அவள் யாரிடமும் சொன்னதில்லை: காத்திருந்து காத்திருந்து அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. வருவானோ மாட்டானோ என்று தினமும் பாதையைப் பார்ப்பதற்கு, செத்துவிட்டான் என்றால் அழுது முடித்துவிடலாமே என்று மனசு ஒரு நொடி நினைத்துவிட்டது.

சத்தியம் தேவாலய முற்றத்தில் நடந்தது. பிரபுவின் காரியஸ்தர் ரெய்னால்தான் விசாரித்தார். நார்மன்காரர், இந்த மண்ணுக்கு வந்து எத்தனையோ வருடமாகியும், ஆட்களைத் திட்டுவதற்கு எத்தனை ஆங்கில வார்த்தை வேண்டுமோ அத்தனைதான் கற்றுக்கொண்டிருந்தார். நடுவில் பாதிரியார் ஐல்மர் நின்று இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தார்.

"மூஞ்சி இல்லாத பிணத்தை எப்படி அடையாளம் தெரியுதுன்னு கேக்கறாரு" என்றார் பாதிரியார், அவள் கண்ணைப் பார்க்காமல்.

பிணத்தின் கெண்டைக்காலில் ஒரு பழைய தழும்பு இருந்தது. ஹில்டித் அதைக் காட்டினாள். "அரிவாள் வெட்டு, சாமி. சின்ன வயசுல அறுப்பு நேரத்துல நான்தான் தெரியாம வெட்டிட்டேன். ரத்தம் நிக்கவே இல்ல. அம்மா என்னை அடிப்பாளேன்னு அவன் முள்ளு கிழிச்சுடுச்சுன்னு சொன்னான்."

நடந்தது நிஜம்தான். ஆனால் ஓர்ட்காருக்கு வெட்டுப்பட்டது கையில். அம்மாவிடம் பொய் சொல்லி அக்காவைக் காப்பாற்றியதும் நிஜம். வுல்மர் சத்தியம் செய்த பிறகு அவளும் வெள்ளிப் பெட்டியில் இருந்த புனிதரின் எலும்புமேல் கை வைத்து, "இவன் என் தம்பி ஓர்ட்கார், ஆங்கிலேயத் தாய் தகப்பனுக்குப் பிறந்தவன்" என்று சொல்லி முடிப்பதற்குள் தரையில் உட்கார்ந்து கதறிவிட்டாள். வுல்மர்கூட அசந்துபோனான். ரெய்னால் இரக்கப்பட்டு, போதும் என்று கையைக் காட்டிவிட்டார். பொய்ச் சத்தியத்துக்கு அப்படி ஒரு நிஜ அழுகையை அந்த முற்றம் கண்டிருக்காது.

ஊர் பிழைத்தது. அன்றைக்கு எல்லோரும் அவளைத் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள்.

மறுநாள் காலையில் பிரபுவின் ஆள் கயிற்றோடு வந்து நின்றான். குடியானவன் செத்தால் அவன் தொழுவத்தில் இருப்பதிலேயே நல்ல மாடு பிரபுவுக்குச் சேர வேண்டும், அது வழக்கம். ஊருக்கே தெரிந்த வழக்கம், பிணத்தைப் பார்த்த கலவரத்தில் ஒருவருக்கும் நினைவுக்கு வராமல் போய்விட்டது. வந்தவனுக்குத் தேர்ந்தெடுக்கும் சிரமம்கூட இல்லை, இருந்ததே ஓர் எருது. அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சாகவில்லை என்று எப்படிச் சொல்வாள்? செத்தவனுக்கு நிலம் எதற்கு என்று பிரபுவின் மன்றம் அதையும் வேறு ஆளுக்கு மாற்றியது. மாற்றியது வுல்மரின் மருமகனுக்கு.

"வெளியாளுக்குப் போகாம நம்ம குடும்பத்துலயே இருக்கட்டும்னுதான் தங்கச்சி" என்றான் வுல்மர்.

"நீ முன்னாடியே நெனச்சதுதானா அண்ணே?"

"கடவுள் சாட்சியா இல்ல."

"கடவுளை விடு. அவரை நாம ரெண்டு பேரும் ஏற்கெனவே கூப்பிட்டாச்சு" என்றாள் ஹில்டித்.

அதன்பிறகு கோட்ஹில்ட் வீட்டுக்கும் மற்ற வீடுகளுக்கும் கூலிக்குப் போனாள். ஓர்ட்கார் பெயரில் புதைத்திருந்த கல்லறைக்கும் ஞாயிறுதோறும் போனாள். முதலில் ஊர் பார்க்கிறதே என்றுதான் போனாள். போகப் போக, உள்ளே கிடப்பது தம்பிதானோ என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்தது. அப்படி நம்புவது சுலபமாக இருந்தது, அதனால் நம்பினாள்.

புல் அறுக்கிற காலம் வந்தது. பிரபுவின் புல்வெளியில் வெட்டிவேலை; ஊரே அங்கேதான். கூலி கிடையாது, அதற்குப் பதில் பீரும் பாலாடைக்கட்டியும். மர நிழலில் ரெய்னால் குதிரையை நிறுத்தி, வேலை நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உச்சி வெயிலில் பெண்கள் புல்லைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தபோது கோட்ஹில்ட் சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஹில்டித், அங்க பாருடி. பேயாடி அது?"

பாதையில் ஒருவன் வந்துகொண்டிருந்தான். ஒரு காலைச் சற்றே இழுத்து நடந்தான், முதுகில் மூட்டை. முடியை நார்மன்காரன் மாதிரி ஒட்டச் சிரைத்திருந்தான். ஆனால் தோளை முன்னால் தள்ளிக்கொண்டு வருகிற அந்த நடையை அவள் எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடுவாள். குப்பென்று ஒரு சந்தோஷம் வந்தது. அடுத்த நொடியே கண் மர நிழலில் இருந்த ரெய்னால் பக்கம் போனது.

"அக்கா!" என்று கத்தினான் அவன், தூரத்திலிருந்தே சிரித்துக்கொண்டு. "வெயில்ல நின்னு ஏன் கருகறே? எருது எங்க, வித்துத் தின்னுட்டியா?"

வுல்மர் ஓடிவந்து அவள் பக்கத்தில் நின்றான். "வாயத் தெறந்தே, எல்லாரும் செத்தோம்" என்றான் உதட்டை அசைக்காமல். "மூடி மறைச்சதுக்கும் சேர்த்துத் தோலை உரிப்பாங்க. எலும்பைத் தொட்டுப் பொய் சொன்ன கையை வெட்டுவாங்க."

சத்தம் கேட்டு ரெய்னாலும் குதிரையை நடத்திக்கொண்டு வந்தார். மொழிபெயர்க்கப் பாதிரியார் இல்லை. ஆனால் அக்கா என்ற வார்த்தை அவருக்குத் தெரிந்திருந்தது.

"அக்கா?" என்றார், அவனைக் காட்டி. "இவன்... உன் தம்பி?"

புல்வெளியில் ஒரு அரிவாளும் அசையவில்லை. ஊர் முழுக்க அவள் வாயையே பார்த்தது. கோட்ஹில்ட் இடுப்புக் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஹில்டித் தம்பியைப் பார்த்தாள். இளைத்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது.

"என் தம்பி செத்துட்டான் எசமான்" என்றாள். "நீங்களே பார்த்தீங்களே. கல்லறையில இருக்கான்."

"அக்கா, வெளையாடாத" என்றான் ஓர்ட்கார். சிரிப்பு இன்னும் முகத்தில் மிச்சம் இருந்தது. வுல்மரைப் பார்த்தான், வுல்மர் தலையைக் குனிந்தான். கோட்ஹில்டைப் பார்த்தான். சின்ன வயதிலிருந்து தன்னைத் தெரிந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்தான், ஒவ்வொன்றும் திரும்பிக்கொண்டது. என்ன நடந்திருக்கும் என்று அவனுக்கு முழுசாகப் புரிந்திருக்காது. அக்காவுக்குக் கழுத்தில் கத்தி இருக்கிறது என்பது மட்டும் புரிந்துவிட்டது. அவன் எப்போதுமே அப்படித்தான், அவள் பயந்தால் உடனே தெரிந்துகொள்வான்.

ரெய்னால் பக்கம் திரும்பி, அவருடைய பாஷையிலேயே மளமளவென்று ஏதோ பேசினான். கையை ஆட்டி ஆட்டிப் பேசினான். ரெய்னால் முகம் மலர்ந்தது. பதிலுக்கு அவரும் ஏதோ கேட்டார், இவன் சொன்னான், இரண்டு பேரும் சிரித்தார்கள். கடைசியில் அவர் தம் சொந்தக் குடுவையிலிருந்து திராட்சை மதுவை அவனுக்கு ஊற்றிக் கொடுத்து, வடக்குப் பாதையைக் கையால் காட்டினார். அவன் குடித்துவிட்டுத் தலை வணங்கி, அந்தப் பக்கமாக நடந்தான். ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

தண்ணீர் எடுத்துவரப் போவதாகச் சொல்லிவிட்டு, வேலிக்குப் பின்னாலேயே ஓடினாள் ஹில்டித். ஓடைத்துறையில் அவனைப் பிடித்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்: பிணம், சத்தியம், எருது, நிலம். எதையும் பூசி மெழுகவில்லை. அலுத்துப்போய்விட்டது என்று நினைத்ததையும்கூடச் சொன்னாள்.

"அவரு கிட்ட என்னடா சொன்னே?"

"நான் நார்மன்காரன்னு சொன்னேன். அவங்க நாட்டுல கான்ங்கற ஊர்ப் பிரபு ஒருத்தரோட குதிரைக்காரன், வழி தப்பிட்டேன், இந்தக் கிராமத்துப் பொம்பளைங்களை அக்கான்னு கூப்பிட்டா ரொட்டி குடுப்பாங்கன்னு எவனோ சொன்னான், நம்பி ஏமாந்தேன்னேன். ரொம்பச் சிரிச்சாரு." அவன் சிரிக்கவில்லை. "நம்ம ஊர்ல எனக்கு மொத வாய் குடிக்கக் குடுத்தது அந்த ஆளுதான், அக்கா."

அவள் அவன் கையைப் பிடித்தாள். அரிவாள் தழும்பு அவள் விரலில் தட்டுப்பட்டது. "என்னை மன்னிச்சுடுடா. நீ வர மாட்டேன்னு நெனச்சுட்டேன்."

"செத்தேன்னு நெனச்சதுல தப்பில்ல. அங்க நானே பல நாள் அப்படித்தான் நெனச்சேன்." கையை மெதுவாக விடுவித்துக்கொண்டான். "போ. தேடப்போறாங்க."

"எங்கடா போவே?"

"வந்த வழியே. கடலுக்கு அந்தப் பக்கம் இன்னும் என்னை யாரும் பொதைக்கல."

அவன் ஓடையில் இறங்கினான். அக்கரை ஏறி, மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு, மரங்களுக்குள் போனான். அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது? நாளைக்கே அவன் ஏதோ ஒரு ஊர்க் குட்டையில் கிடக்கலாம். அந்த ஊர்க்காரர்களும் பயந்துபோய், இவன் யாரைச் சேர்ந்தவன், சொந்தம் என்று சொல்ல யாராவது உண்டா என்று ஊர் ஊராக விசாரித்து வரலாம். எல்டர்ஹோமுக்கும் வரலாம். அப்போது எலும்பின்மேல் கை வைத்து, இவன் எங்கள் ஆள், என் தம்பி என்று சொல்ல உலகத்தில் அவள் ஒருத்திதான் உண்டு. அவளோ அந்தச் சத்தியத்தை முன்பே வேறு ஒருவனுக்குக் கொடுத்துவிட்டாள்.