சாயம் போன ஆரைக்கீரை

சேலைக் கடை சுப்பையன் வாழ்நாளில் பேரம் பேசாமல் வாங்கிய பொருள் ஒன்றே ஒன்றுதான். மேட்டூர் அணை வேலை முடிந்து சீமைக்குத் திரும்பிய துரை ஒருவரின் வீட்டுச் சாமான்கள் ஏலம் போனபோது, கண்ணாடி மீன்தொட்டியை முதல் விலைக்கே எடுத்துவிட்டார். வைக்கோல் சுற்றி வண்டியில் கொண்டுவந்து ஜலகண்டாபுரத்தில் தம் கடை வாசலில் வைத்தார். சேலத்துக் கடைகளில்கூட இப்படியொன்று கிடையாது என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார்.

ஓடையில் பிடித்துவிட்ட கெண்டைக் குஞ்சுகள் அடிமணலைக் கிளறிக் கிளறித் தண்ணீரைக் கம்பங்கூழாக்கின.

எருமை வியாபாரியான மைத்துனர் செங்கோட்டையன் குனிந்து பார்த்தார். "ஏனுங்க மாப்பிள்ளை, உள்ள மீன் இருக்குதுங்களா, இல்ல சும்மா பேச்சுத்தானா?"

"செடி நட்டு வேர் புடிச்சா மணல் கலங்காதுங்க மச்சான். மாட்டுப் பொங்கலுக்குள்ள அடியில பச்சைக் கம்பளம் விரிச்சுக் காட்டறன்."

"காட்டலீன்னா?"

"வண்டி கட்டி வந்து தூக்கிட்டுப் போங்க. உங்க எருமைக்குத் தண்ணி காட்டுங்க."

கடைக்கு வரும் புதுச் சேலையின் முந்தானையை நனைத்துப் பிழிந்து, சாயம் நின்றால்தான் சுப்பையன் வாங்குவார். செடிகளுக்கும் அதே பரீட்சை. மிட்டாய் ஜாடிகளில் தண்ணீர் ஊற்றி ஒவ்வொன்றாக நட்டார். அருகம்புல் அழுகி நாறியது. கோரை தண்ணீருக்கு மேலே மீசை வளர்த்தது. வல்லாரை இலையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரவே வழி பார்த்தது. கடைசியில், நெல்வயலில் தரையோடு படர்ந்திருந்த ஆரைக்கீரையைக் கொடியோடு பெயர்த்துவந்து தொட்டியிலேயே நட்டுவிட்டார்.

சில நாளில் அதன் நாலிதழ் இலைகள் மஞ்சளாகிக் கரைந்தன.

"சாயம் போச்சு! கழிசல் சரக்கு!" என்று தொட்டிக்குள் கைவிட்டார்.

"கைய எடுங்க!" மனைவி சௌந்திரம் ஒரு கொடியை நகத்தால் கிள்ளிப் பார்த்தாள். உள்ளே பச்சை. "சேலைக்குச் சாயம் போனாப் போனதுதானுங்க. இதுக்கு உசுரு இருக்குதல்ல? காத்துக்குன்னு போட்ட இலைய உதுத்துப்போட்டு, தண்ணிக்குன்னு வேற போடுமுங்க."

"போடலீன்னா தொட்டி உங்கண்ணனூட்டு எருமைக்கு."

"மூஞ்சி பாத்துத் தண்ணி குடிக்கற யோகமெல்லாம் அதுக்கு இல்லீங்க."

சுப்பையனுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் சௌந்திரம் சொன்ன பிறகு பிடுங்கவும் துணிச்சல் வரவில்லை. மார்கழி பிறந்தபோது மணலை ஒட்டிக் குட்டி இலைகள் தலைகாட்டின. பிறகு கொடி ஓடிய பக்கமெல்லாம் இலை. கெண்டைகள் முட்டிப் பார்த்து அலுத்துப்போயின. தண்ணீர் பன்னீராகத் தெளிந்தது.

மாட்டுப் பொங்கலன்று செங்கோட்டையன் வைக்கோல் பரப்பிய வண்டியோடு வந்து இறங்கினார். தொட்டியைச் சுற்றி வந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து, மறுபடியும் தோளிலேயே போட்டுக்கொண்டார்.

"ஒரு கைப்புடி வேர் என்ன விலைங்க மாப்பிள்ளை?"

"விக்கறதுக்கு இல்லீங்க மச்சான்."

அந்தக் கடையில் அந்தச் சொல்லை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

சௌந்திரத்துக்கு மட்டும் வியாபாரம் மறக்கவில்லை. "நல்ல நாளும் அதுவுமா வெறும் வண்டிய ஓட்டிட்டுப் போனா ஊரு சிரிக்குமுங்கண்ணா. அண்ணிக்கு ரெண்டு சேலை, மருமகளுக்கு ரெண்டு எடுத்துட்டுப் போங்க."

"உம்பட வாய்க்கு எருமையெல்லாம் வித்தாலும் பத்தாது அம்மிணி," என்றபடி செங்கோட்டையன் பாயில் உட்கார்ந்தார். சேலைகள் விரிந்தன. விலை சொல்ல வேண்டிய சுப்பையன் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. வாசலில் நின்று, பொங்கல் கூட்டத்தை ஒவ்வொருவராகத் தொட்டிப் பக்கம் அழைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க, வந்து பாருங்க. கண்ணாடியில மட்டும் கைய வெச்சுராதீங்க."