பால் காய்ச்சாத கரவன்

குலேந்திரனுக்கு ஊர் சுற்றும் டிவோலி என்ற களியாட்டக் கூட்டத்தில் மின்சார வேலை. ராட்டினங்களும் மோதுகார்களும் வாரத்துக்கு ஓர் ஊராக டென்மார்க்கின் யூலண்ட் முழுக்கப் போகும். பின்னால், காரில் கொழுவி இழுக்கும் அவனுடைய கரவனும் போகும். அதற்குள் அவன் பெண்சாதி சுசீலாதேவி, ஐந்தாம் வகுப்பு கௌசலா, இரண்டாம் வகுப்பு பிரதீபன். போகிற ஊரில் எந்தப் பள்ளிக்கூடம் கிட்டவோ அதில் பிள்ளைகளைக் கொண்டுபோய் இருத்துவார்கள். பக்கத்தில் இருக்கிறவளின் பெயர் வாயில் நுழைவதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும்.

"டென்மார்க் முழுக்க உங்களுக்குச் சிநேகிதப் பிள்ளையள்" என்று குலேந்திரன் பெருமை அடிப்பான். அவர்களில் ஒருத்தியின் பிறந்தநாளுக்காவது மகள் போயிருக்கிறாளா என்று அவன் கேட்டதில்லை.

ஆள் கெட்டவன் இல்லை. முதலாளி தங்கமான மனுசன், மணிக்கூட்டுக்குப் பயந்து தொழிற்சாலைக்கு ஓடத் தேவையில்லை, நாளுக்கொரு காற்று. "இன்னும் ஒரு கோடை" என்பான். போன வருடமும் அதைத்தான் சொன்னான்.

ஓர் ஊரில் வீடு எடுத்து இருப்போம் என்று சுசீலாதேவி சண்டை பிடித்துப் பார்த்தாள், அழுது பார்த்தாள். கடைசியில் ஒரேயொரு பிடிவாதத்தில் வந்து நின்றாள். கரவனுக்குள் பால் காய்ச்சமாட்டாள். புது வீட்டுக்குக் குடிபுகுந்தால்தானே பால் காய்ச்சிப் பொங்கவிடுவது? சில்லுப் பூட்டிய பெட்டிக்கு என்ன குடிபூரல்? தேத்தண்ணீருக்குப் பால்மாதான் கரைப்பாள். எஸ்பியர்க் பட்டினத்தில் வாங்கிய புதுப்பானை ஒன்று பெட்டிகூடப் பிரிக்காமல் இருக்கைக்குக் கீழே கிடந்தது. "அது எங்கட வீட்டுக்கு" என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தாள். குலேந்திரன் அதைக் கேட்டுச் சிரிப்பான். கௌசலா சிரிக்கமாட்டாள்.

ஓகஸ்ட் கடைசியில் டிவோலி ஓல்போர்க்குக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியை எல்லோரையும் அவரவர் வீட்டை வரையச் சொல்ல, கௌசலா வெறுந்தாளைக் கொடுத்திருக்கிறாள். ஏன் என்று கேட்டதற்கு, "எங்களுக்கு வீடு இல்லை, அம்மா இன்னும் பால் காய்ச்சவில்லை" என்று டேனிஷில் சொல்லியிருக்கிறாள். அந்த மனுசிக்கு அதில் என்ன விளங்கும்? குழந்தைக்குக் குடிக்கப் பாலே இல்லை என்று விளங்கிற்று.

பின்னேரம் ஆசிரியை சைக்கிளில் வந்து இறங்கினாள். முன்கூடை நிறையப் பால் பைக்கற்றுகள். குலேந்திரனுக்கு வெட்கத்தில் காது சுட்டது. குடிபுகுவது, பால் பொங்குவது எல்லாவற்றையும் தனக்குத் தெரிந்த டேனிஷில் விளங்கப்படுத்தினான். அவள் முதலில் சிரித்தாள். பிறகு கௌசலாவைப் பார்த்தாள், சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்படியென்றால் எப்போது காய்ச்சப் போகிறீர்கள்?" என்று கேட்டாள்.

அவள் பாலை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சைக்கிள் மறைந்ததும் அவனுக்குக் கோபம் தலைக்கேறியது.

"வெள்ளைக்காரிக்கு முன்னால என்னைப் பிச்சைக்காரனாக்கிப் போட்டியள்! இண்டைக்கே காய்ச்சி முடிப்பம். இதுதான் வீடு. பொங்கட்டும், பிரச்சினை தீரட்டும்!"

இருக்கைக்குக் கீழே கையை விட்டுப் பெட்டியைக் கிழித்தான். புதுப்பானையில் பாலை ஊற்றி அடுப்பை மூட்டினான். சுசீலாதேவி பறித்திருக்கலாம். ஆனால் இத்தனை நாள் தனியே பிடித்த பிடியில் அவள் களைத்துப் போயிருந்தாள். யன்னல் கரையில் போய் இருந்துவிட்டாள்.

"பொங்கப் போகுது! பொங்கப் போகுது!" பிரதீபன் துள்ளினான்.

நுரை விளிம்புக்கு ஏறியது. கௌசலா தகப்பனின் கைக்குக் கீழால் புகுந்து காஸை நிற்பாட்டினாள். நுரை அப்படியே அடங்கிவிட்டது.

"என்னடி செய்யிறாய்?"

"இது இஞ்ச பொங்கினா, பிறகு எங்களுக்கு வீடு வராது அப்பா." சொல்லி முடிக்குமுன் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதபடியே அடுப்புத் திருகை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

குலேந்திரன் அந்தக் கைகளைப் பார்த்தான். பெண்சாதியின் வீம்பு என்று தான் பகிடி பண்ணிய விசயத்தை மகள் உயிராய் நம்பிக் காவல் இருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இறங்கி முதலாளியின் கரவனுக்குப் போனான். திரும்பி வந்து வாசற்படியில் இருந்தான்.

"இந்த மாசத்தோட வேலையால நிக்கிறன் எண்டு சொல்லிப்போட்டன். எஸ்பியர்க்கில மீன் பக்டரியில கேட்டுப் பாப்பம்."

"மணிக்கூட்டுக்கு ஓடவேணும். தெரியுமோ?" என்றாள் சுசீலாதேவி.

"ஓடுறன்."

பொங்காத பாலை நால்வரும் குடித்தார்கள். சுசீலாதேவி பானையைக் கழுவித் துடைத்து, கிழிந்த பெட்டிக்குள் திரும்பவும் வைத்தாள்.

"அப்ப எப்பதான் பொங்கும்?" என்று பிரதீபன் சிணுங்கினான்.

"அங்க போய்" என்றான் குலேந்திரன்.

கௌசலா பெட்டியை இருக்கைக்குக் கீழே வைக்க விடவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள்.