எட்டு அணிகள், ஒரு செயலாளர்

மாநில இந்தியர் காற்பந்து லீக்கின் செயலாளர் பதவியிலிருந்து விலகிக்கொள்வதாகக் கமலநாதன் எழுதிய கடிதத்துக்கு ஒன்பது வயது. பிள்ளையாக இருந்திருந்தால் இந்நேரம் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருக்கும். அந்தக் கடிதத்தை யாரும் நிராகரிக்கவில்லை; ஏற்றுக்கொள்ளவும் இல்லை. ஏற்பதற்குப் பொதுக்கூட்டம் வேண்டும். பொதுக்கூட்டத்துக்குக் குறைந்தது எட்டு அணிகளின் பிரதிநிதிகள் வர வேண்டும் என்றது சட்டவிதி பதினொன்று. லீக்கில் மிஞ்சியிருந்தவை ஐந்து அணிகள்.

"அந்த விதியத் திருத்திடலாமே டத்தோ?" என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தார்.

"தாராளமா திருத்தலாம்லா," என்றார் டத்தோ பட்டம் வாங்கிய தலைவர் தம்புசாமி. "பொதுக்கூட்டத்தக் கூட்டுங்க, திருத்திடுவோம்."

கமலநாதன் இந்தப் பதவிக்கு வந்த கதை சின்னது. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் கிள்ளான் அணியின் சார்பில் முதன்முதலாகக் கூட்டத்துக்குப் போனவர், சும்மா இருக்க மாட்டாமல், "மினிட்ஸ் யாரு எழுதுறா?" என்று கேட்டுவிட்டார். எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. யாரோ கைதட்டினார்கள். லீக்கின் வழக்கமே அதுதான். வாயைத் திறந்தவருக்கே பொறுப்பு. தேநீர் ஏன் ஆறியிருக்கிறது என்று கேட்டவர் உணவுக்குழுத் தலைவரானார். கோல் வலை கிழிந்திருப்பதைச் சுட்டிக்காட்டியவர் உபகரணப் பொறுப்பாளரானார். ஆறே மாதத்தில் அவர் ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குக் குடிபெயர்ந்தார். வலைகள் கமலநாதன் வீட்டுக்குக் குடிபெயர்ந்தன.

கிள்ளானில் இருக்கும் அந்த இரண்டு மாடி வரிசை வீட்டில் இப்போது லீக்தான் குடும்பத் தலைவர். சாமி அறையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் கார்னர் கொடிகள். மாடிப்படிக்குக் கீழே நாற்பத்தொரு வெற்றிக் கிண்ணங்கள். சங்கப் பதிவு, வங்கிக் கையெழுத்து, திடல் முன்பதிவு எல்லாம் கமலநாதனின் அடையாள அட்டை எண்ணில். ஆண்டறிக்கை தாமதமானால் சங்கப் பதிவகத்தின் கடிதம் இந்த வீட்டுக் கதவைத்தான் தட்டும். அதனால் ஒரு நாள் காலை எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவிடவும் முடியாது.

ஓடியது அவர் மனைவி வாணிதான். ஜொகூர் பாருவில் மகளுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்ததும் போனவர், திரும்பவில்லை. பிரசவ விடுப்பு முடிந்து மகள் வேலைக்குப் போக வேண்டிய திங்கட்கிழமை நெருங்கியது.

"ஒண்ண நான் பாத்துக்குவேன், இன்னொண்ண யாரு பாக்குறது?" என்று போனில் கேட்டார் வாணி. "ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்த லீக்கக் கழட்டி வச்சிட்டு வாங்க. இல்லன்னா அங்கயே இருந்துக்குங்க. நான் இனி கூப்பிட மாட்டேன்."

வாணி கத்தவில்லை. முப்பது வருடம் கூடவே வாழ்ந்தவருக்கு அது எவ்வளவு மோசமான அறிகுறி என்று தெரியும். கமலநாதன் ஞாயிறு மாலை ஐந்தரைக்கு ஜொகூர் பாரு பஸ்ஸில் டிக்கெட் எடுத்தார். ஒருவழி டிக்கெட்.

அந்த வாரம்தான் டத்தோ தம்புசாமிக்கு ஒரு கல்யாண விருந்தில் ரிஷி கிடைத்தார். முப்பத்திரண்டு வயது. டின்னில் அடைத்த நெல்லிக்காய்ப் பானம் விற்கும் கம்பெனியின் முதலாளி. சமூகத்துக்கு ஏதாவது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற வேகத்தில் இருந்தார். எதை வாங்கினார், எதைத் திருப்பிக் கொடுக்கிறார் என்பதை யாரும் கேட்கவில்லை. லீக்கில் எத்தனை அணிகள் என்று அவர் கேட்டபோது, டத்தோ பிரியாணியை மென்றபடி "பத்து" என்றார். பிறகு மனசாட்சி உறுத்தவே, "ஆக்டிவா எட்டு" என்று குறைத்துக்கொண்டார்.

"எட்டு இருந்தா மூணு வருஷத்துக்கு நான் ஸ்பான்சர்," என்றார் ரிஷி.

மறுநாள் டத்தோ கமலநாதனை அழைத்தார். "ஞாயித்துக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்துல துவக்க விழா. எட்டு டீமக் கொண்டு வாங்க. விழாவுக்குப் பின்னாலயே பொதுக்கூட்டம் வச்சிடுவோம். எட்டு டீம் இருந்தா உங்க லெட்டரும் பாஸ். சாமி சத்தியம்."

"மூணு டீமுக்கு எங்க போவேன் டத்தோ?"

"செயலாளர் நீங்க. எனக்கு எப்படித் தெரியும்?"

மேருவில் குகன் இருந்தான். உருமி மேளக் குழு நடத்துபவன். பதினான்கு வாலிபர்கள், ஒரு வேன். "ஓடுவாங்கண்ணே," என்றான். "ஆனா மேளத்தக் கழட்டிட்டு ஓடினதில்ல." மேரு யுனைடெட் பிறந்தது.

காப்பாரில் விருந்துச் சமையல் எடுக்கும் சீதாலெட்சுமி அக்கா கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டார். "எதுக்கு தம்பி எனக்கு இந்த வயசுல புட்பால்?" விழாவுக்கு நூற்றைம்பது பேருக்குச் சாப்பாடு அவரிடம்தான் என்றதும் காப்பார் சிட்டியின் மேலாளரானார்.

ரவாங்கில் கூடாரம் வாடகைக்கு விடும் வேலாயுதம் பேரம் பேசவே இல்லை. "டீம் என்ன boss, கோல் போஸ்டே வேணும்னாலும் அரை மணி நேரத்துல நட்டுருவேன்." ரவாங் ரோவர்ஸ்.

மூன்று பேரையும் விழாவன்று காலை மண்டபத்தின் மாடிப்படியில் நிறுத்திக் கமலநாதன் பாடம் நடத்தினார். "வாயத் தொறக்கவே கூடாது. இங்க வாயத் தொறந்தா பதவி குடுத்துருவாங்க. டத்தோ எது கேட்டாலும் கையத் தூக்குங்க. அவ்வளவுதான்."

"எதுக்குமா?" என்றான் குகன்.

"எதுக்கும்."

சட்டைப்பையில் கடிதம் இருந்தது. பஸ் டிக்கெட்டும் இருந்தது. துணிப்பை மண்டபத்தின் சமையலறை மூலையில் இருந்தது. பத்தொன்பது ஆண்டுகளில் முதன்முறையாகக் கமலநாதனுக்குப் பசித்தது.

விழா பதினொன்றுக்கு என்று போட்டிருந்ததால் பன்னிரண்டுக்குத் தொடங்கியது. வந்திருந்த பிரமுகர்களின் பட்டங்களையும் பெயர்களையும் அறிவிப்பாளர் வரிசையாகச் சொல்லி வணங்க இருபத்திரண்டு நிமிடங்கள் ஆயின. வராத பிரமுகர்களுக்கு ஏழு நிமிடங்கள். எட்டு அணிகளின் ஆட்டக்காரர்களும் நெல்லிக்காய் நிற ஜெர்சியில் வந்து நின்றார்கள். மேரு யுனைடெட்டின் நடையில் தாளம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அடுத்து, டத்தோ பந்தை உதைத்து லீக்கைத் தொடக்கிவைக்க வேண்டும். மங்கலமாக இருக்கட்டும் என்று மகளிர் பிரிவு, புதுப்பந்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, வெள்ளித் தாம்பாளத்தில் வைத்து, சூடம் காட்டி மேடைக்குக் கொண்டுவந்தது. டத்தோ காலைத் தூக்கினார். தூக்கிய காலை அப்படியே வைத்துக்கொண்டு யோசித்தார். சூடம் காட்டியதை எப்படி உதைப்பது? சபையும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. கடைசியில் டத்தோ காலணிகளைக் கழற்றிவிட்டு, பந்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கையால் மெல்ல உருட்டிவிட்டார். கைதட்டல் அதிர்ந்தது.

"ஹேண்ட்பால்," என்றார் முன்வரிசையில் சீவரத்தினம். பிரிக்பீல்ட்ஸ் அணியின் பிரதிநிதி. அரசாங்கத்தில் முப்பத்தைந்து வருடம் கோப்பு நகர்த்தி ஓய்வு பெற்றவர்.

ரிஷி ஆறடி நீள மாதிரிக் காசோலையை டத்தோவிடம் நீட்டினார். எல்லோரும் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். உண்மைக் காசோலை, எட்டு அணிகளும் பதினான்கு சுற்றுகளையும் ஆடி முடித்த பிறகு வரும் என்று ரிஷி சொன்னது ஒலிபெருக்கியின் இரைச்சலில் கமலநாதனுக்கு மட்டும் தெளிவாகக் கேட்டது. கேட்டால் என்ன? அதெல்லாம் அடுத்த செயலாளரின் தலைவலி.

மணி இரண்டரை. பொதுக்கூட்டம். ஒன்பது ஆண்டுகளில் முதல்முறையாக எட்டு நாற்காலிகளும் நிறைந்திருந்தன. கமலநாதன் இரண்டு முறை எண்ணினார்.

"ஒரு ஒழுங்குப் பிரச்சினை," என்று எழுந்தார் சீவரத்தினம். "உந்தக் காப்பார் சிட்டி எண்டது எந்தத் திடல்ல விளையாடுது? நான் கேள்விப்பட்டதே இல்லையே."

கமலநாதன் நாற்காலிகளை மூன்றாம் முறை எண்ணினார்.

"காப்பார் சிட்டி?" என்று டத்தோ பார்த்தார். சீதாலெட்சுமி அக்கா விறைப்பாகக் கையைத் தூக்கினார்.

"பாருங்க, காப்பார் சிட்டி ஆட்சேபிக்குது," என்றார் டத்தோ. "உக்காருங்க அங்கிள். இல்ல, திடல் ஆய்வுக்குழுவுக்குத் தலைவரா இருக்குறீங்களா?"

சீவரத்தினம் உட்கார்ந்தார்.

கமலநாதன் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். மடிப்புகளில் கிழிந்து நான்கு துண்டாகக் காத்திருந்த கடிதம். டத்தோ கண்ணாடியைப் போட்டு முதல் வரியைப் படித்தார். பக்கத்தில் இருந்த ரிஷியும் எட்டிப் பார்த்தார்.

"இவரு போறாரா?" என்றார் ரிஷி. "டத்தோ, எனக்குப் போன் பண்ணது இவரு, ஜெர்சி சைஸ் எடுத்தது இவரு, ஹால் புக் பண்ணது இவரு. இவரு இல்லன்னா லீக்க யாரு ஓட்டுவா? இவரு போனா நானும் போறேன்லா. நாளைக்கு யார்கிட்ட பேசுறதுன்னே தெரியாத இடத்துல எப்படிக் காசு போடறது?"

டத்தோ மண்டபத்தைப் பார்த்தார். 'வேறு யாராவது வருகிறீர்களா' என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்பது அவருக்குத் தெரியும். செந்தூல் பிரதிநிதி ஏற்கெனவே நாற்காலிக்கடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். கம்போங் மேடான் அணி கழிவறைக்குப் போவதா வேண்டாமா என்று பாதி எழுந்த நிலையில் இருந்தது.

டத்தோ எழுந்து நின்றார். கண்கள் கலங்கியிருந்தன, அவருக்கு நினைத்த நேரத்தில் கலங்கும்.

"நம்ம செயலாளர் எவ்வளவு பெரிய மனசு உள்ளவரு பாருங்க. வாழ்க்கையையே இந்த லீக்குக்குக் கொடுத்துட்டு, இளைஞருக்கு வழிவிடணும்னு நினைக்கிறாரு. நாம விட்டுடலாமா? இந்த ராஜினாமாவ ஏத்துக்க மறுத்து, கமலநாதன் அவர்கள ஆயுட்காலச் செயலாளரா நியமிக்கலாம்னு நான் முன்மொழியுறேன். ஆதரிக்கிறவங்க..."

முதலில் எழுந்தது குகனின் கை. அடுத்து வேலாயுதத்தின் கை, கூடாரக் கம்பு போல. சீதாலெட்சுமி அக்கா, போன முறை கை பலித்த தெம்பில், இரண்டு கைகளையும் தூக்கினார். மூன்று பேரும் பெருமையாகக் கமலநாதனைப் பார்த்துச் சிரித்தார்கள். சொன்னபடி செய்துவிட்டோம் பார்த்தீர்களா என்ற சிரிப்பு.

மற்ற ஐந்து கைகளும் மின்விசிறி வேகத்தில் மேலே போயின.

கமலநாதன் எழுந்தார். இந்த மூன்றும் அணியே இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் கூட்டம் செல்லாது. கூட்டம் செல்லாதென்றால் கடிதத்தை ஏற்க ஆளில்லை. பழையபடி அவரே செயலாளர். கூடவே, ஸ்பான்சரை ஏமாற்றப் போலி அணி பதிவு செய்த செயலாளர். பதிவுப் படிவங்கள் மூன்றிலும் இருப்பது அவர் கையெழுத்து. எதையும் சொல்லாவிட்டாலும் அவரே செயலாளர், சாகும்வரை.

"நான் வந்து..." என்று தொடங்கினார்.

டத்தோ பொன்னாடையை விரித்து அவர் தோளைச் சுற்றி, இரு கைகளையும் சேர்த்து இறுக்கிக் கட்டிப்பிடித்தார். புகைப்படக்காரர் இன்னும் கொஞ்சம் நெருங்கச் சொன்னார்.

"பேச்சு வரலை பாருங்க," என்றார் டத்தோ ஒலிபெருக்கியில்.

மண்டபத்தை நான்கு மணிக்குள் காலி செய்ய வேண்டும். டத்தோவுக்கு அடுத்த விழா. ரிஷிக்கு விமானம். மாதிரிக் காசோலையை அடுத்த மாதப் படத்துக்குப் பத்திரமாக வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். பத்திரமாக வைக்கும் இடம் எது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

கேஎல் சென்ட்ரல் நிலையத்தில், கிள்ளான் போகும் கொமுட்டர் ரயிலின் கதவில் காசோலை குறுக்காகச் சிக்கியது. மலாய்க்காரர் ஒருவர் இறங்கி, "போலே, போலே", முடியும் முடியும் என்று சாய்த்து உள்ளே தள்ளிவிட்டார். தொகையைப் படித்ததும் அவர் குரலில் மரியாதை கூடி, உட்கார இடமும் கொடுத்தார். கமலநாதன் ஜன்னலுக்கும் அட்டைக்கும் நடுவில், பொன்னாடையோடு, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எழ வேண்டுமானால் முதலில் காசோலை எழ வேண்டும்.

சுபாங் ஜெயா தாண்டும்போது வாணி அழைத்தார். இனி கூப்பிட மாட்டேன் என்றவர்தான்.

"பஸ் ஏறிட்டீங்களா?"

"ரயில்ல இருக்கேன்."

"எந்த ரயில்?"

அடுத்த நிலையம் பத்து தீகா என்று ரயிலின் ஒலிபெருக்கி சொன்னது. கிள்ளான் போகும் ரயில் என்று வாணிக்குப் புரிய அது போதும்.

"இன்னிக்கும் கூட்டத்துக்கு ஆள் வரலையா?"

"வந்தாங்க. எட்டு டீமும்."

"அப்புறம் என்ன?"

"ஆயுட்காலச் செயலாளராப் போட்டுட்டாங்க. எல்லாரும் கையத் தூக்கிட்டாங்க."

"அஞ்சு டீம்தானே இருந்துச்சு. மிச்சம் மூணு எங்கருந்து வந்துச்சு?"

பத்து தீகா வந்தது. கதவு திறந்து மூடியது.

"நான்தான் கூட்டிட்டு வந்தேன்," என்றார் கமலநாதன்.

அந்தப் பக்கம் குழந்தைகள் இரண்டும் அழுதன. கொஞ்ச நேரத்தில் ஒன்று நின்றது.

"ஒண்ண நான் தூக்கிட்டேன்," என்றார் வாணி. "இன்னொண்ணு அழுதுக்கிட்டுத்தான் இருக்கு. கேக்குதா?"

கேட்டது. இணைப்புத் துண்டிக்கப்பட்ட பிறகும் கேட்டுக்கொண்டிருந்தது.

கைப்பேசி மறுபடி அதிர்ந்தது. குகனின் செய்தி. 'அண்ணே, பசங்க ஜெர்சியக் கழட்ட மாட்டேங்குறாங்க. அடுத்த ஞாயிறு எங்களுக்கு யாருகூட மேட்ச்? திடல் எங்க?'

மேரு யுனைடெட்டுக்கு அடுத்த ஞாயிறு காப்பார் சிட்டியோடு ஆட்டம். அட்டவணை போட்டவரே அவர்தானே. காப்பார் சிட்டிக்கு அன்று கல்யாணச் சமையல் என்பதும் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஷா ஆலம் போனது. பாடாங் ஜாவா போனது. கமலநாதன் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். முதலில் பஸ் டிக்கெட் கையில் வந்தது; அதை மறுபடி உள்ளே வைத்தார். எழுதக் காகிதம் இல்லை. காசோலையைத் திருப்பினார். பின்பக்கம் ஆறடிக்கும் வெள்ளையாக இருந்தது. முழங்காலில் சாய்த்துக்கொண்டு, தேதி போட்டு, வந்திருந்தோர் எட்டு அணி என்று எழுதி, தீர்மானம் ஒன்றுக்கு வந்தார். மினிட்ஸை யாராவது எழுதித்தானே ஆக வேண்டும்.

'ஏகமனதாக' என்று எழுதும்போது கையெழுத்து வழக்கம்போல் நன்றாகவே வந்தது.