சாட்சியில் சொல்லாத சொட்டு மருந்து

கண்ணாடிக்காரரின் சாட்சி அந்தச் சபையில் பிரசித்தம். ஞானஸ்நானம் எடுக்க வருகிறவர்களுக்கு அவர் வீட்டுக் கூடத்தில்தான் பன்னிரண்டு வாரம் அஸ்திவார வகுப்பு. முதல் வாரம் பாடம் கிடையாது, ஆண்டவர் தனக்குச் செய்த அற்புதத்தைச் சொல்லும் சாட்சிதான். ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி செய்து கொடுத்தவருக்கே வலது கண் இருண்டுபோனது. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். பத்து நாள் முழங்காலில் நின்று ஜெபித்தார். பதினோராம் நாள் காலையில் கண்ணைத் திறந்தால், எதிர்ச்சுவரில் காலண்டர்த் தேதி பளிச்சென்று தெரிந்தது. இந்த இடத்தில் ஒரு நொடி நிறுத்துவார். யாராவது ஒருவர் கைக்குட்டையைத் தேடுவார்.

அதில் பொய் என்று ஒன்றும் இல்லை. உதட்டைப் பிதுக்கியது உண்மை, முழங்கால் உண்மை, காலண்டரும் உண்மை. அதே டாக்டர் "எதுக்கும் போட்டுப் பாருங்க" என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்ததும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மனைவி அதைக் கண்ணில் விட்டதும்தான் சாட்சியில் இல்லை. முதல் தடவை சொன்னபோது போதகர் ஐந்தே நிமிடம் கொடுத்திருந்தார். நேரம் போதாமல் மருந்தை விட்டுவிட்டார். சபையே அழுதது. அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அதைத் திரும்பச் சேர்ப்பது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் இல்லை அவர். சுண்டுவிரல் அளவு புட்டி, அதைத்தான் மறைத்தார். பதினான்கு வருஷமாக மறைத்தார்.

மனைவி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, சாட்சி தொடங்கும்போது பாத்திரம் கழுவப் போய்விடுவார். கழுவப் பாத்திரம் இருக்கிறதோ இல்லையோ, போய்விடுவார்.

இந்தத் தடவை வகுப்பில் ஐந்து பேர். அதில் தையற்காரம்மா ஒருவர். நாற்பதுக்கு மேல் வந்து விசுவாசத்தைப் பிடித்தவர், பிடித்தது உடும்புப்பிடி. மிஷினை மிதித்துக்கொண்டே வசனத்தை மனப்பாடம் செய்வார். சொல்வதையெல்லாம் நோட்டில் எழுதுவார். அடுத்த வாரம், "போன தடவை வேற மாதிரி சொன்னீங்களே, பிரதர்" என்று மடக்குவார். கண்ணாடிக்காரருக்கு அந்த அம்மாமேல் அப்படி ஒரு பெருமை. இந்த மாதிரி பத்துப் பேர் கிடைத்தால் போதும் என்று போதகரிடமே சொல்லியிருக்கிறார்.

ஒன்பதாம் வாரம், வகுப்புக்கு முந்தின நாள், தையற்காரம்மா கடைக்கு வந்தார். ஓரத்தில் வைத்த கத்தரிக்கோல் கண்ணில் படுவதே இல்லை, கண்ணாடியை மாற்ற வேண்டும் என்றார். எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை தடுமாறாமல் படித்தார். கண்ணாடிக்காரருக்குச் சந்தேகம் தட்டியது. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு நேராகப் பார்க்கச் சொல்லி, இடது ஓரத்திலிருந்து ஒரு பேனாவை மெல்ல உள்ளே கொண்டுவந்தார். அது ஏறக்குறைய நேர் எதிரே வரும்வரை, "இன்னும் ஒண்ணும் காட்டலையே, பிரதர்" என்றார் அந்த அம்மா.

"கண்ணுல பிரஷர் இருக்குன்னு யாராச்சும் சொன்னாங்களாம்மா?"

"அது பழைய கதை. ரெண்டு வருஷமா தினம் சொட்டு மருந்து போட்டேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார், முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "உங்க சாட்சி கேட்ட அன்னைக்கே நிறுத்திட்டேன். ஞானஸ்நானத்தன்னைக்கு நானும் எந்திரிச்சு நின்னு சொல்லணும்ல?"

திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். வாய்விட்டுக் கத்தவும் வழியில்லை. "டாக்டரும் ஆண்டவர் கொடுத்தவர்தானேம்மா? இன்னைக்கே மருந்தைப் போடுங்க" என்றார்.

"நீங்க போட்டீங்களா?"

"எனக்கு வந்தது வேற நோய்."

அதுவும் உண்மைதான். உண்மையைச் சொல்லியே தப்பிக்கிற வித்தையில் அவரை அடிக்க ஆள் கிடையாது.

"நோய் வேறன்னா என்ன, ஆண்டவர் ஒருத்தர்தானே! என் விசுவாசத்தைச் சோதிச்சுப் பாக்குறீங்க, எனக்குத் தெரியாதா?" என்று சிரித்துக்கொண்டே தையற்காரம்மா போய்விட்டார்.

மருந்தை நிறுத்தி எட்டு வாரம். இந்த நோயில் போன பார்வை திரும்பாது என்று கண்ணாடிக்காரருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் வாயை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டார். விஷயம் தெரிந்தால் அந்த அம்மாவின் விசுவாசம் உடைந்துவிடுமே என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிப் பார்த்தார். மண்ணாங்கட்டி. உடையப்போவது தன் பெயர்தான். ஒருத்தியின் கண்ணைவிட அது பெரிதாகப் போய்விட்டது. அந்த நினைப்பு வந்ததும் வெட்கத்தில் உடம்பெல்லாம் சுட்டது.

மறுநாள் ஐந்து பேரும் வந்து உட்கார்ந்ததும் எழுந்து நின்றார்.

"என் சாட்சியில ஒண்ணை விட்டுட்டேன்" என்று தொடங்கி, நிறுத்தினார். "இல்ல. மறைச்சுட்டேன். பத்து நாளும் கண்ணுக்கு மருந்து போட்டேன்."

தையற்காரம்மா நோட்டின் முதல் பக்கத்தைப் புரட்டி, தான் எழுதி வைத்திருந்ததை ஒரு தடவை படித்துப் பார்த்தார்.

"அப்ப மருந்துலதான் சரியாச்சா?"

"ஜெபமும் பண்ணேன்மா. மருந்தும் போட்டேன்."

"என்கிட்ட பாதியைத்தானே சொன்னீங்க? நேத்துக் கடையில வெச்சுக் கேட்டேனே, பிரதர். அப்பவும் சொல்லலையே."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த அம்மா திட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அப்போது சமையலறை வாசலிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "மருந்தை அவரா போட்டுக்கலம்மா. நான்தான் போட்டேன். புட்டியை எடுத்தாலே எனக்குக் கை நடுங்கும். 'ஆண்டவரே, இந்தச் சொட்டு வீணாப் போகாம பாத்துக்கோங்க'ன்னு ஒவ்வொரு தடவையும் கேட்டுட்டுத்தான் விடுவேன்."

கண்ணாடிக்காரருக்கே இது புதுச் செய்தி. அவர் தன் ஜெபத்தில் மும்முரமாக இருந்தார். பக்கத்தில் இன்னொருத்தி ஜெபித்தது காதில் விழவில்லை. பிறகு சாட்சியிலிருந்து மருந்தை வெட்டி எறிந்தபோது அந்த ஜெபத்தையும் சேர்த்து எறிந்திருக்கிறார். பதினான்கு வருஷமாக அந்த வீட்டில் சொல்வதற்கு ஒரு முழுச் சாட்சி இருந்தது. அதைச் சொல்ல வேண்டியவரை அவர் பாத்திரம் கழுவ அனுப்பிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கி யாரையும் பார்க்க முடியவில்லை.

தையற்காரம்மா எழுந்து நேரே சமையலறை வாசலுக்குப் போனார். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு என்கூட வர்றீங்களா, அக்கா?"

"இப்பவே போவோம், வாம்மா" என்று மனைவி ஈரக்கையைத் துடைத்தபடி செருப்பைத் தேடினார்.

இடது கண்ணில் ஓரப் பார்வை போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். கண்ணாடிக்காரர் போதகரிடம் எல்லாவற்றையும் சொல்லி வகுப்பிலிருந்து விலகிக்கொண்டார். மீதி வாரங்களை அதே கூடத்தில் போதகரே நடத்தினார். தையற்காரம்மா இனி எங்கே வரப்போகிறார் என்று கண்ணாடிக்காரர் நினைத்தார். அந்த அம்மா ஒரு வகுப்பைக்கூடத் தவறவிடவில்லை. வகுப்புக்கு வந்ததும் மனைவி கையால் மருந்து விட்டுக்கொண்டு, இருவரும் ஜெபித்துவிட்டுத்தான் உட்காருவார்கள்.

ஞானஸ்நானத்தன்று கடைசி வரிசையில் ஒதுங்கி நின்ற கண்ணாடிக்காரரைப் போதகர்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தார். முழுக்குக் கொடுக்கிற தொட்டியின் படி வழுக்கும்; இறங்குகிறவர்களுக்குக் கைகொடுக்க இடது பக்கம் ஓர் ஆள் வேண்டும். நான்கு பேர் அவர் கையைப் பிடித்து இறங்கினார்கள். ஐந்தாவதாகத் தையற்காரம்மா வந்தார்.

முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் கண்ணாடிக்காரர் குனிந்தபடியே கையை நீட்டினார். யாரும் பிடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினார். அப்போதும் பிடிக்கவில்லை. கோபம் தீரவில்லை போலிருக்கிறது, நியாயம்தானே என்று கையை மடக்கப் போனார்.

தையற்காரம்மா காலால் படியைத் தடவிக்கொண்டே, "பிரதர் கை கொடுப்பாருன்னு சொன்னாங்களே, எங்க அவரு?" என்றார்.

அவர் கை அந்த அம்மாவின் இடது தோளுக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்தில் இருந்தது.