பலாப்பழம் வெளியே, அரிவாள்மணை உள்ளே

1

இந்தக் கதை சமூக அக்கறையில் பிறந்தது என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் இது அவித்த மல்லாட்டையில் பிறந்தது. (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.)

மே மாத விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திண்டிவனம் தாண்டி ஒலக்கூர் போகிற வழியில் இருக்கும் தீம் பார்க்குக்கு நானும் என் மனைவி கோவிந்தம்மாளும் விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறிப் போனோம். (பார்க்குக்கு 'குளுகுளு உலகம்' என்று நானே பெயர் வைத்துவிட்டேன். தேடிப் போகாதீர்கள், அங்கே அப்படி ஒன்றும் இல்லை.) குழந்தைகளைக் கூட்டிப்போனோம் என்கிற சாக்கெல்லாம் எங்களுக்குக் கிடையாது. கோவிந்தம்மாளுக்கு அலைக்குளத்தில் நிற்க ஆசை, எனக்கு அவளுடன் நின்றுகொண்டே மல்லாட்டை தின்ன ஆசை.

வாசலில் பை சோதித்த பெண் காவலர், கோவிந்தம்மாள் உப்புப் போட்டுப் பதமாக அவித்திருந்த மல்லாட்டைப் பொட்டலத்தை எடுத்து ஒரு மேஜைமேல் வைத்தார். என் கையில் ஒரு டோக்கனைக் கொடுத்தார்.

"போறப்ப வாங்கிக்கினு போங்க சார். அடுத்தவங்க வாங்க."

அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன், இந்த அம்மாவை வில்லியாக வைத்து ஒரு கதை எழுதுவதென்று. எழுத்தாளனிடமிருந்து மல்லாட்டையைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?

2

எழுதிப் பார்த்த தொடக்கங்களை அப்படியே கீழே தருகிறேன்.

"தீம் பார்க் வாசல்களில் நடக்கும் பைச் சோதனை, பார்வையாளர்களின் பாதுகாப்பை உண்மையிலேயே மேம்படுத்துகிறதா என்னும் கேள்வியை நாம்"

இது கட்டுரை. கட்டுரை எழுதினால் என் வீட்டிலேயே படிக்க மாட்டார்கள்.

"அவள் கண்களில் இரக்கம் என்பதே இல்லை. ஏழை எளியவர்களின் சோற்று மூட்டைகளை அவள்"

கோவிந்தம்மாள் இதைப் படித்துவிட்டு, "அந்தப் பொண்ணு சிரிச்சிக்கினே தானே வாங்கி வெச்சிது? ஏன் இப்டி அபாண்டமா எழுதறீங்க?" என்று கேட்டாள். எழுத்தாளர்கள் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது.

"ஜெசிந்தா அன்று காலை சீருடையை மாட்டிக்கொண்டபோது, தன் வேலைக்கே உலை வைக்கப்போகும் ஒரு பொருள் கோட்டக்குப்பத்தில் ஒரு பழைய கைலிக்குள்"

இது தேவலாம். ஜெசிந்தா என்பது அவர் சட்டையில் குத்தியிருந்த பெயர். ஆனால் இப்படித் தொடங்கினால் அவர் பக்கம் நின்று யோசிக்க வேண்டிவரும். யோசித்தால் கோபம் ஆறிவிடும். ஆறிய கோபத்தில் எழுதிய கதையும் ஆறிய மல்லாட்டையும் எனக்குப் பிடிப்பதில்லை.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எப்படி முடிகிறது என்பதைப் பொறுத்துத்தான் அவருடைய வேலை நிற்பதும் போவதும் இருக்கிறது. வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை. எப்படி என்று ஆறாம் பகுதியில் வரும்.

3

வரிசையில் எங்களுக்கு முன்னால் கோட்டக்குப்பத்துக் குடும்பம் ஒன்று நின்றது. நூர்நிஷா, அவர் கணவர் சர்புதீன், இரண்டு மூன்று உறவுக்காரப் பெண்கள். சர்புதீன் குவைத்திலிருந்து லீவில் வந்தவர். வந்த நாளாகப் பலாப்பழம், பலாப்பழம் என்று நச்சரிக்கிறார் என்பதை வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் நூர்நிஷாவே அறிவித்தார். ஆகவே ஒரு முழுப் பலாப்பழம் கோணிப்பையில் வந்திருந்தது. பழத்தை வெட்ட வேண்டும், ஆகவே வீட்டு அரிவாள்மணை பழைய கைலியில் சுற்றி வந்திருந்தது. வெட்டினால் பால் கையில் பிசுபிசுக்கும், ஆகவே ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய். எதையும் யோசித்துச் செய்கிற குடும்பம்.

ஜெசிந்தா கோணியைப் பிரித்தார்.

"இன்னாங்க இது? பலாப்பழமா? ஃபுட்டு உள்ள அலோவ்டு இல்லைங்க. மேஜையில வெச்சிடுங்க. இது?"

"தேங்காண்ண."

"சாப்புடறதா, தடவறதா?"

"தடவறது தாம்மா."

"அப்ப எடுத்துக்குங்க. இது?"

கைலி பிரிந்தது. அரிவாள்மணையின் அலகு வெயிலில் பளபளத்தது. ஜெசிந்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோந்தும் பார்த்தார். [இதை நான் சேர்க்கவில்லை. சத்தியமாக மோந்து பார்த்தார்.] பிறகு கைலியை ஒழுங்காகச் சுற்றி நூர்நிஷாவிடமே நீட்டினார்.

"இது சாப்புடற பொருள் இல்ல. எடுத்துக்கினு போங்க."

நூர்நிஷா அதை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "ஏம்மா, பழத்தப் புடுங்கி வெச்சிக்கினு அருவாமனைய மட்டும் குடுத்தா, நாங்க உள்ள போயி எத வெட்டறது?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. ஃபுட்டுதான் கூடாது. கொஞ்சம் ஜல்தியா போங்க, பின்னாடி ஆளு நிக்கிறாங்க."

பின்னாடி நின்ற ஆள் நான். என் பையில் மல்லாட்டை.

4

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். (கட்டுரை பிடிக்காதவர்கள் ஐந்தாம் பகுதிக்குத் தாவலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கொஞ்சம் கோபித்துக்கொள்வேன்.)

புத்தியுள்ள ஒரு பெண் ஏன் அப்படிச் செய்தார்? வாசலுக்கு மேற்பார்வையாளர் பச்சைமுத்து என்பவர். தினமும் காலையில் காவலர்களை நிற்க வைத்துத் திட்டுவார். யாரோ குழந்தையின் டயப்பர் பைக்குள் பிரியாணியை ஒளித்துக்கொண்டு போய்விட்டார்கள், யாரோ ஃபிளாஸ்க்கில் சாம்பார் கொண்டுபோய்விட்டார்கள், கேன்டீன்காரர் சண்டைக்கு வருகிறார். எல்லாத் திட்டும் சாப்பாட்டுக்குத்தான். கத்திக்காக ஜெசிந்தா ஒரு நாளும் திட்டு வாங்கியதில்லை. மனிதர்கள் எதற்குத் திட்டு வாங்கினார்களோ அதைத்தான் தேடுவார்கள். நானும் பஸ்ஸில் ஏறினால் குடையை மட்டும்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

வாசலில் எழுதியிருப்பதோ 'உங்கள் பாதுகாப்புக்காக'. அந்தப் பாதுகாப்புக்காகப் பிள்ளைகுட்டிகளோடு எல்லோரும் வெயிலில் நெருக்கியடித்து நிற்கிறோம். ஏதாவது ஆனால் ஓட வழியில்லாத இடம் பார்க்கிலேயே அந்த வரிசைதான். ஆனாலும் சோதனையே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சோதனை இருக்கிறது என்று தெரிந்து, வீட்டிலேயே எதையோ வைத்துவிட்டு வந்தவன் ஒருவன் இருந்திருக்கலாம். அவனை யார் பார்த்தார்கள்? நடக்காமல் போனதை எந்த மேஜையில் எடுத்து வைப்பது?*

* கோவிந்தம்மாள் கேட்டது: "கெட்டது பண்ண வர்றவன் கோணிப்பையிலயா கட்டிக்கினு வருவான்?" பதில் தெரியாதவற்றை அடிக்குறிப்பில் தள்ளிவிடுவது எங்கள் தொழில் வழக்கம்.

5

அலைக்குளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் மல்லாட்டையை நினைத்தபடி நின்றுகொண்டிருந்தேன். கரையோரம் ஜெசிந்தா ஓடிவந்தார். பூட்ஸ், தொப்பி, வாயில் விசில். ஊதிக்கொண்டே ஓடினார். விசில் கேட்டதும் குளத்தில் இருந்தவர்கள் ஏதோ விபரீதம் என்று அடித்துப்பிடித்துக் கரையேறினார்கள். கோவிந்தம்மாள் மட்டும் ஏறவில்லை. "கூட்டம் போச்சி, இப்பதான் நல்லா இருக்குது" என்றாள்.

பிறகு விசாரித்ததில் தெரிந்தது இது: வாசலில் யாரோ ஒரு பழம் நறுக்கும் கத்தியைக் கொண்டுவந்து, "இத எடுத்துக்கினு போலாமா மேடம்?" என்று கேட்டிருக்கிறார். ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் சுருக்கென்று உறைத்திருக்கிறது. கத்தியை வாங்கி மேஜையில் போட்டுவிட்டு, அரிவாள்மணையைத் தேடி உள்ளே ஓடிவிட்டார். வாசலில் பை பார்க்க ஆள் இல்லை.

அடுத்து நடந்ததை நான் வர்ணித்தால் நம்ப மாட்டீர்கள். தர்பூசணியைத் தோளில் சுமந்துகொண்டு ஒருவர் வந்தார். மாங்காய் வந்தது, வெள்ளரிக்காய் வந்தது, அன்னாசி வந்தது. அத்தனையும் வந்தபிறகுதான் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்தது. பார்க் முழுவதிலும் இருந்தது ஒரே ஒரு அரிவாள்மணை.

செயற்கை அருவிக்குப் பக்கத்து நிழலில் நூர்நிஷா அதன்மேல் உட்கார்ந்திருந்தார். எதிரே வரிசை. யார் யாருடைய பழத்தையோ அறுத்து அறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர்களும் துண்டுகளை அக்கம்பக்கம் நீட்டினார்கள். என் கையிலும் ஒரு தர்பூசணித் துண்டு வந்து சேர்ந்தது. சர்புதீன் ஒருவர்தான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றார். "ஊரு பழத்தையெல்லாம் வெட்டற. எம்பழம் வாசல்ல வெயில்ல கெடக்குது."

ஜெசிந்தா மூச்சிரைக்க வந்து நின்றார். "அம்மா, அத குடுத்துடுங்கம்மா. உள்ள உட்டிருக்கவே கூடாது. என் தப்புதான். கொழந்தைங்க ஓடற எடம்."

"இரும்மா, இந்த மாங்கா ஒண்ணுதான். பாதியில உட்டா அந்தப் புள்ள ஏங்கிடும்."

ஜெசிந்தா ஓடுகிற பிள்ளைகள் கிட்டே வந்துவிடாதபடி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வரிசையின் முன்னால் நின்றார். பச்சைமுத்து வந்து சேர்ந்தது சரியாக அப்போதுதான். அவர் பார்த்தது: தடை செய்யப்பட்ட பழங்கள், தடை செய்திருக்க வேண்டிய ஆயுதம், நடுவில் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிற தன் காவலர்.

"இன்னா நடக்குது இங்க?"

எல்லோர் வாயிலும் பழம்.

6

கதைக்குத் தகவல் சேகரிக்க அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போனேன். பையில் மல்லாட்டை வைத்துக்கொண்டேன். சோதனை முயற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"கத்தி, கத்திரிக்கோலு, அருவாமனை எதுனா இருக்குதா சார்?" என்றுதான் ஜெசிந்தா முதலில் கேட்டார். பைக்குள் அடிவரை பார்த்தார். பிறகு மல்லாட்டையை எடுத்து மேஜையில் வைத்தார்.

நான் யார் என்று சொன்னேன். அவரைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றும் சொன்னேன்.

"கதை எழுதறவங்கன்னா மல்லாட்டைக்கு பர்மிஷன் உண்டா சார்?" என்று டோக்கனை நீட்டினார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "முடிவுல எனக்கு இன்னா ஆவுது?" என்றார்.

"இன்னும் எழுதலைம்மா."

"இங்கயும் அதே கதைதான் சார். மேனேஜ்மெண்டுல ரிப்போர்ட்டு கேட்டிருக்காங்க. வேலை இருக்குதா போவுதான்னு ஒண்ணாந்தேதி சொல்றேன்னு பச்சைமுத்து சாரு சொல்லியிருக்காரு."

பேச்சுச் சத்தம் கேட்டுப் பச்சைமுத்துவே வந்துவிட்டார். கதை என்றதும் அவர் முகம் மலர்ந்தது. பத்திரிகைகளில் வரும் கதை ஒன்றையும் விடாமல் படிக்கிறவராம். "நான் கடைசியிலதான் சார் வந்தேன். மொதல்லேர்ந்து பார்த்தது நீங்க. நீங்க எழுதுங்க, அதப் படிச்சிட்டே நான் ரிப்போர்ட்டு போட்டுடறேன்." பெரிய பாரத்தை என் தலையில் இறக்கிவைத்த நிம்மதியோடு டீ குடிக்கப் போனார்.

அவர் போனபிறகு ஜெசிந்தா சொன்னார்: "சார், இந்த செக்கிங்கே வேஸ்ட்டுன்னு மட்டும் எழுதிடாதீங்க. மெஷினு வாங்கி வெச்சிடுவாங்க. நான் மறுபடியும் வளவனூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போவணும். வேலை கஷ்டமேன்னு சொல்லல சார், எங்கம்மா அப்பால்லாம் அதான் பண்ணாங்க. ஆனா அங்க எவனும் பேரு சொல்லிக்கூடக் கூப்புட மாட்டான். 'ஏய்'தான். இங்க கார்ல வந்து எறங்கறவங்க, 'மேடம், பையத் தொறக்கட்டுமா'ன்னு எங்கிட்ட கேட்டுக்கினு நிக்கிறாங்க சார்."

மல்லாட்டைக் கோபத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை.

7

ஆகவே முடிவுகள்.

(அ) தண்ணீர்ச் சறுக்குமரத்தில் ஒரு குழந்தையின் காலில் கயிறு சிக்கிக்கொள்கிறது. நூர்நிஷா பாய்ந்துபோய் அரிவாள்மணையால் அறுத்துக் காப்பாற்றுகிறார். ஜெசிந்தாவுக்கு மாலை மரியாதை. இதில் ஒரு சிக்கல், அரிவாள்மணையை உட்கார்ந்து காலால் மிதித்துக்கொண்டால்தான் வெட்டவே வரும். ஓடுகிற தண்ணீரில் நூர்நிஷா எப்படி உட்காருவார்? தவிர, இதெல்லாம் நடக்கவில்லை என்று பச்சைமுத்துவுக்கே தெரியும்.

(ஆ) "சீருடையை மடித்துக் கொடுத்துவிட்டு ஜெசிந்தா நெடுஞ்சாலையின் ஓரமாக"

மாட்டேன். இப்படி முடித்தால் விமர்சகர்கள் மெச்சுவார்கள். பச்சைமுத்து இதை அப்படியே நடத்தியும் காட்டிவிடுவார்.

(இ) மெஷின் வருகிறது. டிபன் பாக்ஸுக்கெல்லாம் கத்துகிறது, பலாப்பழத்தை ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடுகிறது. இந்த முடிவுக்குக் கோட்டக்குப்பத்தில் ஆதரவு உண்டு. அன்று சாயங்காலம் டோக்கனைக் கொடுத்துப் பழத்தை வாங்கியபோது அது ஒரு பக்கம் அழுகியிருந்தது. சர்புதீன் அதை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருந்த கோலம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

மூன்றும் வேண்டாம். பச்சைமுத்து சார், இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும், உங்களிடமே சொல்கிறேன். அந்த வாசலில் நடந்த சோதனை அன்று ஒருவரையும் காப்பாற்றவில்லை. நீங்கள் தேடச் சொன்னதை அவர் தேடினார், அது பலாப்பழம். ஆனால் தவறு உறைத்ததும் அதை மூடி மறைக்காமல், வேலை போகும் என்று தெரிந்தே விசில் ஊதிக்கொண்டு உள்ளே ஓடினார். பிள்ளைகளுக்கும் அலகுக்கும் நடுவில் கையை விரித்து நின்றார். நீங்கள் பார்த்தது அந்தக் கை. வரிசையை ஒழுங்குபடுத்துகிறார் என்று நினைத்துவிட்டீர்கள். உங்கள் பார்க்கில் பாதுகாப்பு என்று நான் கண்ணால் கண்டது அது ஒன்றுதான். மெஷினுக்கு உறைக்காது சார், மெஷின் ஓடிவராது.

முடிவை நான் எழுதுவதாக இல்லை. அது உங்கள் கையில் இருக்கிறது, தொடக்கம் மட்டும் எழுதித் தருகிறேன்:

ஒன்றாம் தேதி காலை. ஜெசிந்தா சீருடையில் வாசலுக்கு வந்து நிற்கிறார். டீக்கடையிலிருந்து திரும்பிவந்த பச்சைமுத்து, பத்திரிகையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு, அவரைப் பார்த்து, "மேடம்,