மறுதேர்வு

வளையல் ஏறவில்லை. அன்னக்கொடி சோப்பைக் குழைத்து சூர்யகலாவின் கையில் தடவி, விரல்களை ஒன்றாகக் குவித்துப் பிடித்து மறுபடியும் தள்ளிப் பார்த்தாள். கண்ணாடி வளையல் கட்டைவிரல் மூட்டோடு நின்றுவிட்டது.

"கையைத் தளத்தி விடுங்க மதினி."

"விட்டுத்தான் இருக்கேன்."

"பெறகு ஏன் இப்படி வீங்கிக் கெடக்கு?"

சுவரோரம் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி மெல்லச் சொன்னாள். "நேத்து அம்புட்டு நேரம் நெஞ்சை அமுக்கியிருக்கால்ல. அதான்."

அன்னக்கொடி அந்தக் கைகளைப் பார்த்தாள். பந்தலில் ஐஸ் பெட்டிக்குள் கிடக்கும் சிவக்குமார் அவளுடைய ஒரே அண்ணன். அவள் வளையலைக் கீழே வைத்துவிட்டு, வீங்கிய அந்தக் கையைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். சூர்யகலா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை. யாரோ பெரிய அளவு வளையல் வாங்கிவரக் கடைக்கு ஆள் அனுப்பினார்கள்.

சிவக்குமார் போடியிலிருந்து மலைமேல் இருக்கும் மெட்டுக்கு ஜீப்பு ஓட்டுகிறவன். விடிவதற்குள் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறுவான். சாயங்காலம் அவர்களையும் ஏலக்காய் மூட்டைகளையும் இறக்கிக்கொண்டு வருவான். நாற்பத்தைந்தைத் தொடவில்லை. பீடி, சாராயம் எதுவும் கிடையாது. அதனால் வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். நல்லாத்தானே இருந்தான், எப்படி? பந்தல் வாசலில் நின்ற அமாவாசை ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னான். அமாவாசை சூர்யகலாவுக்குப் பெரியப்பா மகன். ராசிங்காபுரத்தில் அவன் தோட்டத்துக் கிணற்றில்தான் அது நடந்தது.

"கொஞ்ச நாளாவே காலையில ஆளுகளை மலையில விட்டுட்டு நேரா நம்ம கெணத்துக்குத்தான் வருவாப்ல. நீந்திப் பழகணும் மச்சான், வீட்டுல சொல்லிராதேன்னாரு. நேத்தும் வந்தாரு. நான் மோட்டார் போடப் போனேன். திரும்பி வந்து பாத்தா படியில ஏறி உக்காந்திருக்காரு. மூச்சு முட்டுது மச்சான்னாரு. அம்புட்டுத்தான், அப்படியே சாஞ்சிட்டாரு. நல்லவேளையா தங்கச்சி நேத்து ஊருக்கு வந்திருந்துச்சு. போன் போட்டதும் ஓடியாந்துருச்சு. ஆம்புலன்சு வர்ற வரைக்கும் கையை எடுக்கவே இல்ல. நாங்க ரெண்டு பேரு மாத்திவிடுறோம்னோம். கேக்கல."

உள்ளே இருந்த சூர்யகலாவுக்கு ஒவ்வொரு முறையும் அது கேட்டது.

நேற்று அவள் ராசிங்காபுரத்தில் கூடப்பிறந்த அண்ணன் வீட்டில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. தோட்டத்துக்கு வா, வெரசா வா என்பதற்கு மேல் அமாவாசைக்குச் சொல்ல வரவில்லை. அவன் மனைவிக்குத்தான் ஏதோ என்று நினைத்துக்கொண்டு ஓடினாள். வரப்பில் திரும்பியதும் புளியமரத்தடியில் தங்கள் ஜீப்பு நிற்பதைப் பார்த்தாள். குரங்கணிக்கு லோடு என்று சொல்லிவிட்டுப் போனவனின் ஜீப்பு. கிணற்றை எட்டிப் பார்ப்பதற்கு முன்பே அவன் அங்கே எதற்காக வந்திருக்கிறான் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மூன்று வருடத்துக்கு முன், ஐப்பசி மழையில் கொட்டகுடி ஆறு திடீரென்று பெருகி, குளித்துக்கொண்டிருந்த தகப்பனையும் மகளையும் அடித்துக்கொண்டு போனது. கரையில் நூறு பேர் நின்றார்கள். இறங்கத் தெரிந்தவர் ஒருவருமில்லை. அதற்குப் பிறகு தீயணைப்பு நிலையத்தார் ஊருக்குள்ளிருந்தே ஆள் சேர்த்து ஒரு தன்னார்வ மீட்புக் குழு அமைத்தார்கள். பெண்களும் வரலாம் என்றார்கள். ஏலக்காய் கடையில் சூர்யகலாவோடு உட்கார்ந்து காய் பிரிக்கும் பெண்கள் அதைப் பேசிச் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ராசிங்காபுரத்துக் கிணறுகளில் கல்யாணம் வரைக்கும் மீனாகக் கிடந்தவள் அவள். கழுத்தில் தாலி ஏறிய பிறகு குளியலறை வாளியைத் தவிர வேறு தண்ணீரைத் தொட்டதில்லை.

வைகை அணையில் பயிற்சி. நிறுத்தாமல் நீந்துவது, கை அசைக்காமல் ஆழத்தில் நிற்பது, கயிற்றுப் பையைக் குறிபார்த்து வீசுவது, மூழ்குகிறவன் கழுத்தைக் கட்டிக்கொண்டால் விடுவித்துக்கொள்வது, அவனை மல்லாத்தி இழுத்து வருவது, காற்றுப் படகைக் கவிழ்த்து மறுபடி நிமிர்த்துவது, நெஞ்சை அமுக்கி மூச்சுக் கொடுப்பது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தேர்வு. ஒன்றில் தவறினாலும் குழுவின் ஆரஞ்சுச் சட்டை கிடையாது. அவள் எல்லாவற்றிலும் தேறினாள். அடுத்த வருடம் மதுரைக்கு அனுப்பிப் பயிற்றுநர் சான்றும் வாங்க வைத்தார்கள். கழுத்தில் விசில் வந்தது.

ஊரில் அவள் ஜீப்பு சிவா பொண்டாட்டி. கடையில் மூணாவது தட்டு அக்கா. அணைக்கரையில் மட்டும் கலா மேடம். கல்லூரிப் பையன்கள், மின்வாரியத்துக்காரர், பேங்கில் வேலை பார்க்கும் அருணா எல்லோரும் அவள் விசிலுக்கு இறங்கி, அவள் விசிலுக்கு ஏறினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தேனி பஸ்சில் ஏறி ஜன்னலோரம் உட்காரும்போதே அவளுக்கு உடம்பு லேசாகிவிடும்.

சிவக்குமார் ஒருபோதும் போகாதே என்று சொன்னதில்லை. அவள் வருவதற்குள் சோறு வடித்து வைத்திருப்பான். போன சித்திரையில் ஒருநாள், "நானும் சேரலாம்னு பாக்குறேன் கலா. ஒன்னோட ஞாயித்துக்கெழமை வந்த மாதிரியும் இருக்கும்" என்றான். அவள் சரி என்றாள். மறுப்பதற்கு ஒரு காரணமும் அவளிடம் இல்லை. ஆனால் அன்றைக்கு முழுக்கக் கடையில் அவள் பிரித்த காயில் நயமும் மட்டமும் கலந்து, மேஸ்திரி வந்து தட்டைத் திரும்பக் கொட்டினான்.

பயிற்சியில் அவன் நன்றாகத்தான் செய்தான். டாக்டர் சான்றும் சரியாக இருந்தது. மற்றவர்கள் முன்னால் அவளை மேடம் என்றுதான் கூப்பிட்டான். அது கேலியில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவன் கரையில் நிற்கும்போது அவள் குரல் வேறு மாதிரி ஒலித்தது. வீட்டில் பேசும் பழைய குரல்.

போன மாதம் தேர்வு. அருணா மூழ்குகிறவள் போல மிதந்தாள். அவளை மிதவையிலிருந்து கரைக்கு இழுத்து வர வேண்டும். பாதி தூரத்தில் சிவக்குமாரின் கை தடுமாறியது. அவன் பக்கத்தில் ஓடிய கயிற்றைப் பிடித்துக்கொண்டான். சூர்யகலா விசிலை ஊதினாள்.

"கயிறைப் பிடிச்சா பெயிலு. ஏறி வாங்க. அடுத்த ஆளு."

குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டுதான் ஏறினான். ஏறியவன் துண்டைக்கூட எடுக்காமல் ஒரு பாறையில் உட்கார்ந்தான். இடது தோளைப் பிசைந்தான். பிறகு தாடையை. முகத்தில் தண்ணீர் வழிந்து காய்ந்த இடத்தில் மறுபடியும் துளிகள் அரும்பி நின்றன.

அதற்கு முந்தின வாரம்தான் முதலுதவி வகுப்பில் அவள் சொல்லிக் கொடுத்திருந்தாள். தண்ணியில இருந்து ஏறுனவனுக்கு வேர்த்தா, தோளையோ தாடையையோ தடவுனா, தேர்வை நிறுத்திட்டு மொதல்ல அவனைப் பாருங்க. வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டவர்களில் சிவக்குமாரும் ஒருவன்.

அவள் பார்த்தாள். பார்க்காமல் இல்லை. அவள் கண் அந்தத் தோளில், அந்தத் தாடையில், அந்த வேர்வையில் ஒரு கணம் நின்றது. எழுந்து போனால் விசிலை இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டும். தேனி ஆஸ்பத்திரி, ஊசி, மாத்திரை, பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமைகளும் அவனோடு வீட்டில். அப்படித் தெளிவாக நினைத்தாளா என்று இப்போது அவளுக்குத் தெரியவில்லை. அவன் தோற்றதில் உள்ளே ஏதோ குளிர்ந்தது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். அவள் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

பஸ்சில் திரும்பும்போது, "நமக்கெல்லாம் ஸ்டியரிங்குதான்" என்றான் அவன். "வயசாகுதுல்ல" என்றாள் அவள். அவன் அதற்கும் சிரித்தான்.

பெரிய வளையல்கள் வந்து, ஏறி, நெற்றியில் அகலமாகப் பொட்டும் வைத்து அவளைப் பந்தலுக்குக் கூட்டி வந்தபோது குழுவினர் வந்திருந்தார்கள். ஆரஞ்சுச் சட்டைகள் ஒரு வரிசையாக நின்றன. தீயணைப்பு நிலைய அதிகாரி முத்துக்கண்ணன் மாலையை வைத்துவிட்டு அவளுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"கலாம்மா, ஆஸ்பத்திரியில விசாரிச்சேன். நீங்க செஞ்சதுல ஒரு கொறையும் இல்லைன்னு டாக்டரே சொல்றாரு."

அவள் தலையசைத்தாள்.

"ஒண்ணு சொல்லணும். சொல்லலாமான்னு தெரியல. போன வாரம் ஸ்டேசனுக்கு வந்தாரு. மறுதேர்வு எப்பன்னு கேட்டாரு. வேணும்னா அன்னிக்கு வேற டிரெய்னரை வச்சிக்கலாம், சங்கடமா இருக்கும்லன்னு கேட்டேன். வேண்டாம் சார், அவதான் போடணும், அவ போட்டாத்தான் பாஸுன்னுட்டுப் போனாரு."

ஐஸ் பெட்டியின் மோட்டார் ஒருமுறை நின்று மறுபடி ஓடத் தொடங்கியது. சூர்யகலா முந்தானையைக் கசக்கிக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சார், அன்னிக்கு டேம்ல நான்..."

"பெயில் போட்டதைச் சொல்றீங்களா?" அவர் கையை உயர்த்தித் தடுத்தார். "அதை நெனச்சு மனசைப் போட்டுக் கொழப்பிக்காதீங்க. புருசன்னு பாக்காம போட்டீங்க பாருங்க, அதைத்தான் நான் எல்லா பேட்ச்லயும் சொல்லிட்டிருக்கேன். நீங்க பாஸ் போட்டிருந்தா நான்தான் கேட்டிருப்பேன்."

அவர் பின்னால் நின்ற அருணா குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சூர்யகலா கசங்கிய முந்தானையை மடியில் நீவிவிட்டுக்கொண்டாள்.

நீர்மாலைத் தண்ணீர் எடுத்து வந்து குளிப்பாட்டினார்கள். வெயில் சாய்வதற்குள் கொட்டுச் சத்தத்தோடு ஆண்கள் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தூக்கியவர்களில் இரண்டு ஆரஞ்சுச் சட்டைகளும் இருந்தன. தெருமுனை திரும்பிச் சத்தம் தேய்ந்ததும் பெண்கள் வீட்டைக் கழுவத் தொடங்கினார்கள்.

அவள் கொல்லைப்பக்கம் போய்த் துவைகல்லில் உட்கார்ந்தாள். அவளுக்கு அழுகையே வரவில்லை என்று பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேட்டாள். மாமியார் பாண்டியம்மாள் சின்னக் கிண்ணத்தில் நல்லெண்ணெயைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்தாள். மகன் போனதிலிருந்து அவள் குரல் அடங்கிப் போயிருந்தது. ஒன்றும் கேட்காமல் மருமகளின் கையை எடுத்து மடியில் வைத்து, வளையல்களை மேலே தள்ளிவிட்டு, மணிக்கட்டில் எண்ணெய் நீவினாள்.

"வேணாம் அத்தே."

"சும்மா இரு. எம்புள்ளைய எழுப்பப் பாத்த கையி."

நீவிக்கொண்டே இருந்தாள். தரையைப் பார்த்தபடியே கேட்டாள். "ஏத்தா, அவனுக்கு முன்னமே ஏதும் வலி கிலி இருந்திருக்குமா? எங்கிட்டச் சொல்ல மாட்டான், நான் பயந்துருவேன்னு. ஒங்கிட்ட ஏதும் சொன்னானா?"

உள்ளே யாரோ வாளியைக் கவிழ்த்தார்கள். தண்ணீர் வாசல்படி தாண்டிக் கொல்லைக்கு ஓடி வந்து அவள் காலை நனைத்தது.

"சொல்லல அத்தே," என்றாள் சூர்யகலா. "எங்கிட்ட ஒண்ணும் சொல்லல."

"அதானே. சொல்லியிருந்தா நீ விட்டிருப்பியா."

பாண்டியம்மாள் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தாள். மூலையில் நிரம்பியிருந்த குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சமையலறைப் படியை நோக்கிப் போனாள். வேண்டாம், வைங்க என்று சூர்யகலா சொல்வதற்குள் முதல் படியில் கால் வைத்துவிட்டாள். இரண்டாவது படியில் நின்றாள். குடத்தைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தபடி வாயால் மூச்சு வாங்கினாள்.

சூர்யகலா எழுந்து ஓடினாள். குடத்தை வாங்கிக் கீழே வைத்தாள். மாமியாரைத் தோளைப் பிடித்துப் படியிலேயே உட்கார வைத்தாள்.

"ஒண்ணுமில்லத்தா. நேத்துலருந்து சாப்பிடல. அதான்."

"பேசாதீங்க அத்தே. தோள்ல வலிக்குதா? தாடையில?"

"இல்ல."

"நெசமாச் சொல்லுங்க."

"இல்லங்கிறேன்ல."

அவள் பாண்டியம்மாளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வேர்வை இருக்கிறதா என்று புறங்கையால் தடவி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அந்த மெலிந்த மணிக்கட்டைத் திருப்பி, நாடியின் மேல் விரல்களை வைத்தாள். அவள் உதடுகள் அசைந்தன.

பாண்டியம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள். இழுத்துக்கொள்ளவில்லை. எண்ணெய்ப் பிசுக்கோடிருந்த தன் இன்னொரு கையை எடுத்து, மருமகளின் விரல்கள் மேல் வைத்து மூடிக்கொண்டாள்.

"அழுதுரு தாயி," என்றாள்.

சூர்யகலா தலையை அசைத்தாள். எண்ணிக்கை தவறிவிட்டது. விரல்களைக் கொஞ்சம் நகர்த்தி வைத்து, முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.