பழுப்பு ஏறாத ஸ்லைடு

ஆபரேஷன் தியேட்டர்ல இருந்து எங்க லேபுக்கு வர்ற சதையை முதல்ல தொடுறது நான்தான். வெட்டி எடுத்த மார்பு வந்தா, வந்த கையோட வில்லை வில்லையா கீறிவிட்டு ஃபார்மலின் வாளியில போடணும். முழுசாப் போட்டா மருந்து உள்ளே இறங்க நாளாகும். அதுக்குள்ள நடுவுல இருக்கறது கெட்டுப்போயிடும். பதினாறு வருஷத்துல ஒரு நாள்கூட இதை நான் மறந்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமையும் மறக்கலை. தெரிஞ்சேதான் கீறாம விட்டேன். வாளியில ஒட்டியிருந்த சீட்டுல என் நாத்தனார் பேரு இருந்துச்சு.

அவளும் நானும் பேசி மூணு வருஷம். டிரைவிங் ஸ்கூல் நடத்துறவ. எனக்கு வண்டி கத்துத் தர்றேன்னு கூட்டிட்டுப் போய், சிக்னல்ல பின்னாடி நின்னவனெல்லாம் ஹாரன் அடிக்கிறப்போ, இந்த ஜென்மத்துல உனக்கு வண்டி வராதுன்னு சொல்லி நடுரோட்டுல இறக்கிவிட்டா. நானும் லேசுப்பட்டவளா? அவ வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை. அவளுக்குக் கட்டின்னு கேள்விப்பட்டப்பகூட வீட்டுக்காரரை மட்டும்தான் அனுப்பினேன். அவ்வளவு வீம்பு பிடிச்சவ, கத்தியைக் கையில எடுத்துட்டுத் திரும்பக் கீழ வச்சுட்டேன். அவளுதுன்னு தெரிஞ்சப்புறம் கை வரலை. வேற யாரையாவது வெட்டச் சொல்லியிருக்கணும், அதையும் செய்யலை. திங்கட்கிழமை பாத்துக்கலாம்னு அப்படியே உள்ளே இறக்கி மூடியைப் போட்டுட்டு வந்துட்டேன்.

திங்கட்கிழமை அது வெட்டுப்பட்டு ஸ்லைடாகி, அந்த வாரமே ரிப்போர்ட் வந்துச்சு. எங்க பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டிருந்தார். புற்றுநோய் செல்லுல ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லை.

இது சின்ன விஷயம் இல்லை. பொண்ணு வயசுக்கு வர்றப்போ மார்பை வளர்க்கிறதே ஈஸ்ட்ரோஜன்தான். அப்புறமும் மாசாமாசம் பால்குழாய்ச் செல்லுங்களைப் பெருகச் சொல்லிக்கிட்டே இருக்கும். செல்லுக்குள்ள ஏற்பின்னு ஒண்ணு இருந்து அந்தச் சேதியை வாங்கிக்கும். செல் பெருக ஒவ்வொரு தடவையும் தன் மரபணுவை நகல் எடுக்கணும், எடுக்கறப்போ எங்கேயாவது தப்பு விழும். தப்பாப் பிறந்த செல்லுலயும் ஏற்பி இருந்தா, அதே ஈஸ்ட்ரோஜனை வாங்கித் தின்னே அது கொழுக்கும். அவ என்ன பாவம் பண்ணாளோன்னு உச்சுக்கொட்டுற சொந்தக்காரங்க காதுல இதை நாலு தடவை ஓதணும். பாவமாவது புண்ணியமாவது, உடம்புல எப்பவும் ஓடுறதுதான்.

ஏற்பி இருக்குன்னா ஒரு வழி உண்டு. தினம் ஒரு மாத்திரை, அஞ்சு வருஷம். ஈஸ்ட்ரோஜன் அங்கே போய் ஒட்டாம அது தடுக்கும், இன்னொரு மார்புல புதுசா வர்றதையும் குறைக்கும். இல்லைன்னு எழுதிட்டா அந்த மாத்திரையை யாரும் தரமாட்டாங்க. நோய் திரும்பி வர்றதுக்கு வழியைத் திறந்துவிட்ட கதைதான்.

அலமாரியில அடுக்க வந்த அவளோட ஸ்லைடை மைக்ராஸ்கோப்ல வச்சுப் பாத்தேன். ஏற்பி இருக்கற செல்லு சாயத்துல பழுப்பா மாறும். கட்டியில பழுப்பு இல்லை, சரி. பக்கத்துலயே நோய் தொடாத பால்குழாய் இருந்துச்சு. அதுல நாலு செல்லாவது பழுப்பாகியே தீரணும். அதுவும் வெளுத்துக் கிடந்துச்சு. ஏற்பி இல்லைன்னு இந்த ஸ்லைடை வச்சுச் சொல்ல முடியாது, நான்தான் சதையை அழுக விட்டுட்டேன்.

நேரா பெரிய டாக்டர் ரூமுக்குப் போனேன். இதே நோயாளிக்கு ஒரு மாசம் முன்னாடி ஊசியில எடுத்த பயாப்ஸித் துணுக்கு மெழுகுல பதிச்சபடி நம்ம அலமாரியில இருக்கு, அப்போ புற்றுநோயான்னு மட்டும்தான் பாத்தோம், ஏற்பிச் சோதனையை அதுல போடணும்னேன். சாயம் போடுறது உன் வேலை, படிக்கிறது என் வேலைன்னார். நல்ல பால்குழாய் ஏன் வெளுத்திருக்குன்னு நீங்களே படிச்சுச் சொல்லுங்கன்னேன். அவர் ஸ்லைடை என் கையில இருந்து வாங்கி மைக்ராஸ்கோப்ல வச்சுப் பாத்தார்.

"எப்படி ஆச்சு?"ன்னார்.

"நான்தான் கீறாம முழுசாப் போட்டேன். என் நாத்தனார்."

அடுத்த மாசம் லேப் பொறுப்பு எனக்குத்தான் வர்றதா இருந்துச்சு. அதை அவர் நிதானமா ஞாபகப்படுத்தினார். இதை எழுத்துல குடுத்தா உன் ஃபைல்ல ஏறும், சாயத்துல கோளாறுன்னு சொல்லிச் சத்தமில்லாம திரும்பப் போட்டுடலாம்னார். சாயத்து மேல பழியைப் போட்டா, அன்னிக்கு அதே சாயத்துல பாத்த மத்த பொம்பளைங்க ரிப்போர்ட்டெல்லாம் சந்தேகத்துல தொங்கும். அவங்க ராத்தூக்கத்தைக் கெடுத்துத்தான் எனக்குப் பதவி வரணுமா? பேனா குடுங்க சார்னேன். அவர் முன்னாடியே நின்னு என் பேரைப் போட்டு எழுதிக் கையெழுத்து வச்சேன்.

ஊசி பயாப்ஸியில சாயம் போட்டது நான் இல்லை. என்னைத் தொட விடலை, அது நியாயம்தான். மூணாம் நாள் டாக்டரே கூப்பிட்டுக் காட்டினார். கட்டி மொத்தமும் பழுப்பு. அவர் பழைய ரிப்போர்ட்டை அடிச்சுப் புதுசா எழுதினார். லேப் பொறுப்பு வேற ஆளுக்குப் போச்சு. போகட்டும்.

அன்னிக்கே நாத்தனார் வீட்டுக் கதவைத் தட்டினேன். நெஞ்சுல கட்டோட அவளே வந்து திறந்தா. உட்காராமலே எல்லாத்தையும் கொட்டிட்டேன். உன்னை வெட்டக் கை வரலை, அதனால உன் உயிருக்கே உலை வைக்க இருந்தேன், என்ன திட்டணுமோ திட்டுன்னேன். அவ நெஞ்சுல கட்டு இல்லாத பக்கத்தைத் தட்டிக் காட்டினா.

"இன்னொரு பக்கம் இருக்கு பாரு"ன்னா. "அது உன் மேசைக்கு வந்தா, நாத்தனார் நாட்டாமைன்னு பாக்காம ஒழுங்கா வெட்டு."

எனக்கு அழுகையும் கோவமும் ஒண்ணா வந்துச்சு. அவளோட டாக்டர்கிட்ட புது ரிப்போர்ட்டைக் காட்டி வாங்கிட்டு வந்த மாத்திரை அட்டையைப் பிரிச்சு ஒண்ணை அவ உள்ளங்கையில வச்சேன்.

"அது என் மேசைக்கு வராதுடி. முழுங்கு."